யூஜினா பார்த்ததாகச் சொன்ன பிள்ளை

இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கு மேலே ஏழு கிலோமீற்றர் தூரத்தில், பஸ் திரும்பும் இடத்திலிருந்து பிரிகிற கல்ரோட்டின் முடிவில், அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு இருக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லயங்கள், ஒரு மாதா சொரூபம், ஒரு முனியாண்டி கோவில், ஒரு பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு மாலையில் எடுத்துப் போவது அந்தக் காம்பராவில்தான். 2006ஆம் ஆண்டு பெப்ரவரி ஆறாம் திகதி, ஒரு திங்கட்கிழமையிலிருந்து அங்கே ஆயாவாக இருப்பவள் யூஜினா.

வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே அவள்மேல் ஒரு பழி விழுந்தது. ஒரு குழந்தையின் தொடையில் சூடு பட்ட தழும்பு இருந்தது. அது வீட்டு அடுப்பங்கரையில் பட்டதா, காம்பராவில் பட்டதா என்று காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. மறுநாளிலிருந்து யூஜினா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பிள்ளையை வாங்கும்போதே தாயின் கண்முன்னால் சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிடுவாள். கொசுக்கடி, கீறல், சளி, எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வாள். தாயும் தலையாட்ட வேண்டும். பெயர் கூப்பிட நேரமாகிறது என்று தாய்மார் முணுமுணுப்பார்கள். அவள் அசைய மாட்டாள்.

பிறகு பத்து மணிக்குச் சுடுதண்ணீரில் எல்லாப் பிள்ளைகளையும் கழுவுவாள். குளிரில் பிள்ளைகள் வீறிட்டு அழும். அந்த அழுகையில்தான் சில விஷயங்கள் தெரியவரும். அடிவயிற்று மடிப்பில், தொடை தொடங்கும் இடத்தில், ஒரு வீக்கம் திடீரென்று எழும்பும். அழுகை நின்றால் அதுவும் அடங்கிவிடும். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே விட்டுப் போய், பொழுது சாயும் நேரத்தில் எடுத்துப் போகும் தாய்க்கு அது கண்ணில் படாது. இப்படிப் பத்தொன்பது வருடத்தில் பதினொரு பிள்ளைகளுக்குக் குடல் இறங்கியிருப்பதை முதலில் கண்டவள் அவள்தான்.

முதல் எட்டுப் பிள்ளைகளுக்கும் கவட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி ஒபரேஷன் செய்தார்கள். கடைசி மூன்று பேருக்கும் கமெரா வைத்துச் செய்தார்கள். அந்த மூவரில் தர்ஷனுக்கு 2024 டிசம்பர் மூன்றாம் திகதியும், நிஷாந்திக்கும் மதுரனுக்கும் டிசம்பர் பத்தாம் திகதியும் ஒபரேஷன் நடந்தது. இரண்டு பஸ் மாறிப் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் கணேசமூர்த்தி என்ற சத்திரசிகிச்சை டொக்டர் செய்தார். நிஷாந்தியின் தாய்க்குத் துணையாக யூஜினாவும் போயிருந்தாள். அன்று வார்ட்டில் டொக்டர் படம் போட்டு விளக்கியதை அவள் பிறகு தோட்டத்துத் தாய்மாருக்குக் கொழுந்துச் சாக்கை வைத்து விளக்கினாள்.

வயிற்றுக்கும் கவட்டுக்கும் இடையே பிள்ளை பிறக்குமுன் ஒரு வழி இருக்கும். பிறந்த பிறகும் அது மூடாமல் கிடந்தால் குடல் அதன் வழியே இறங்கிவிடும். சாக்கின் வாயைக் கட்டுவது போல அந்த வழியின் வாயை மூடுவதுதான் வேலை. கமெரா தொப்புளால் உள்ளே போகும். அதற்குப் பிறகு இரண்டு விதம் உண்டு. ஒன்றில், வயிற்றின் இரு பக்கமும் இன்னும் இரண்டு சின்னத் துளை போட்டு, மெல்லிய கருவிகளை விட்டு, சாக்கின் வாயை உள்ளேயிருந்தே சுற்றித் தைத்து இழுப்பார்கள். மற்றதில், கோணி ஊசி போல ஒரே ஊசியை வெளியிலிருந்து குத்தி, நூலை வாயைச் சுற்றிக் கொண்டுவந்து, தோலுக்கடியில் முடிச்சுப் போடுவார்கள். தர்ஷனுக்கு முதல் விதம். மற்ற இரண்டு பேருக்கும் ஊசி.

எது நல்லது என்று யூஜினா அப்போதே கேட்டாள். ஊசி வழி சீக்கிரம் முடியும், தழும்பும் கொசுக்கடி அளவுதான், உள்ளே தைப்பதற்கு நேரமாகும் என்றார் டொக்டர். எது திரும்ப வராமல் நிற்கும் என்பது தனக்கே இன்னும் திருத்தமாகத் தெரியாது என்றும், இரண்டு விதத்திலும் செய்த பிள்ளைகளை மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பார்த்து எழுதிக்கொண்டு வருவதாகவும் சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள்தான் திரும்ப வருவதில்லை என்று குறைப்பட்டார். ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஜனவரி எட்டாம் திகதி நிஷாந்தியை மீண்டும் காட்டப் போனபோது யூஜினா தான் கண்டதைச் சொன்னாள். தர்ஷனின் மூன்று துளையும் காய ஒன்பது நாள் ஆயிற்று. நிஷாந்தியின் ஊசிக்குத்து நாலாம் நாளே மறைந்துவிட்டது, ஆனால் தோலுக்கடியில் கடுகளவு ஒரு முடிச்சு விரலுக்குத் தட்டுப்படுகிறது. டொக்டர் விரலை வைத்துப் பார்த்தார். இருந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சி டொக்டரிடம், எழுதிக்கொள் என்றார். அதிலிருந்து யூஜினாவின் வாய்ச்சொல்லுக்கு அந்தக் கிளினிக்கில் ஒரு பெறுமதி ஏற்பட்டது. கதை மேற்பிரிவுக்கும் எட்டியது. கூட்டுறவுக் கடைப் பழனியாண்டி அவளைக் கண்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார்.

“டொக்டரம்மா வர்றாங்க, வழிய விடுங்க. வெள்ளக் கோட்டு எப்பங்க தைக்கக் குடுத்தீங்க?”

அவள் சிரிக்க மாட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை.

மூன்றாம் மாதக் கிளினிக் 2025 மார்ச் பத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை. கொழுந்து நிறைய வரும் காலம் அது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒருவர் போனால் லயத்தில் உள்ள மற்றவர்களின் கிளினிக் கார்டுகளையும் கையோடு கொண்டுபோவார். பிரஷர் மாத்திரை, சீனி மாத்திரை எல்லாம் அப்படித்தான் வந்து சேரும். யாரும் அதைத் தவறு என்று எண்ணியதில்லை. யூஜினா நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, தர்ஷனின் தாய் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டாம் லயத்து மீனம்மா, மதுரனின் தாய், பெரட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் வேலிக்கு மேலால் தன் கார்டையும் நீட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

கிளினிக்கில் டொக்டர் நிஷாந்தியைப் படுக்கவைத்துப் பார்த்தார், இரும வைத்துப் பார்த்தார், நல்லது என்று எழுதினார். அடுத்த இரண்டு கார்டுகளையும் கையில் எடுத்து, தர்ஷன் எப்படி என்று கேட்டார். யூஜினா அவனை அன்று காலையும் பார்த்திருந்தாள். அழும்போதும் வீக்கம் இல்லை, மூன்று தழும்பும் வெளுத்துவிட்டன என்றாள். அவர் எழுதினார்.

“மதுரன்?”

“அவனும் நல்லா இருக்கான் டொக்டர்.”

அதையும் எழுதி, சீல் குத்தி, மூன்று கார்டையும் அவளிடம் தந்தார்.

மதுரன் ஜனவரி இருபத்தேழாம் திகதி முதலாம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். அவள் அவனைக் கடைசியாகச் சட்டை கழற்றிப் பார்த்தது ஜனவரி இருபத்துநான்கு, வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஐம்பத்துநான்கு நாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு அது அவளுக்கு நினைவு வந்தது. ஸ்கூலுக்குப் போகும்போது தினமும் ஓடிக்கொண்டுதானே போகிறான், ஏதாவது இருந்தால் மீனம்மா சொல்லியிருப்பாளே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். திரும்பிப் போகும் வழியில் அவனை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றும் நினைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. பார்க்கவில்லை. அடுத்த நாள் வேறு வேலை வந்தது.

ஜூன் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபதுக்கு, ஸ்கூல் ஆசிரியை ஒருவர் மதுரனைத் தோளில் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தானாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறானாம். யூஜினா அவனைக் கட்டிலில் கிடத்திக் களிசானை இறக்கினாள். வலப்பக்கம், ஊசி குத்திய இடத்துக்குச் சற்றுக் கீழே, கோழிமுட்டை அளவு வீக்கம். கை வைத்தாள். கல்லாக இருந்தது. அவன் அழுகையை நிறுத்தியபோதும் அது அடங்கவில்லை. அடங்காத வீக்கத்தை அவள் அதற்கு முன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள், 2011இல். அந்தப் பிள்ளைக்குக் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

அவள் அம்புலன்ஸ் நம்பரான 1990க்குப் போன் அடித்தாள். காம்பராவை உதவியாள் ஷிராணியிடம் விட்டாள். ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டு நின்ற மீனம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். அம்புலன்ஸ் ரோட்டுக்கு வந்தபோது மீனம்மா ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்து ஏறினாள். அதை அவிழ்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு இருபது ஆயிற்று.

டொக்டர் கணேசமூர்த்தியே வந்தார். ஊசி போட்டு மயக்கத்தைக் கொடுத்து, கால் பக்கத்தை உயர்த்திவைத்து, இரண்டு கையாலும் மெல்ல மெல்ல அழுத்தினார். மூன்று இருபத்தைந்துக்கு அது உள்ளே போனது. குடலுக்குச் சேதம் வந்ததாகத் தெரியவில்லை, வீக்கம் வற்றட்டும், வியாழக்கிழமை ஒபரேஷன் என்றார். பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் மாதம் பார்த்தபோது நன்றாக மூடியிருக்கிறது, பிறகுதான் திறந்திருக்கிறது, அதே ஊசி வழியை இன்னொருமுறை செய்துவிடலாம் என்று பயிற்சி டொக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த வார்ட்டுக்கு நடந்தார்.

யூஜினா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

வராந்தா பெஞ்சில் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். இடுப்புச் சாக்கை அவிழ்த்து மடித்து மடியில் வைத்திருந்தாள். யூஜினா அவளிடம், இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள். பிள்ளைக்கு ஸ்கூல் தொடங்கி ஒரு மாதத்திலேயே, ஓடிவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணி வார்க்கும்போது சின்னதாக எழும்பியதைக் கண்டாளாம். நெல்லிக்காய் அளவு இருந்ததாம். அதைத்தான் அன்றைக்கு வேலியோரம் சொல்ல வந்திருக்கிறாள்.

“அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க சீல் வாங்கியாந்தீங்களேக்கா. நல்லா இருக்குன்னு டொக்டரே எழுதிட்டாரு. அப்ப அது அப்பிடித்தான் இருக்கும்போலன்னு நான் பேசாம இருந்துட்டேன்.”

மீனம்மாவின் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் குற்றம் சாட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது யூஜினாவுக்கு.

டொக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். மீனம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் சின்னத்தம்பி கொழும்பில் கடையில் நிற்கிறான், அவனுக்கு இன்னும் தகவல் கூடச் சொல்லவில்லை, தனியாக எதையும் தாங்க முடியாது என்றாள்.

“இப்ப வேணாங்க்கா. பொய்க் கார்டுன்னு டொக்டருக்குக் கோவம் வந்துச்சுன்னா, அது பிள்ள மேலதானே விடியும். ஒபரேஷன் முடியட்டும். அப்புறம் என்னத்தையாச்சும் சொல்லிக்குவோம்.”

யூஜினா திரும்ப உட்கார்ந்தாள். மீனம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேண்டியவர்களைக் கோபப்படுத்தாமல் காரியத்தை முடித்துக்கொள்வது அந்தத் தோட்டத்தில் எல்லோரும் கற்ற பாடம். தனக்கும் அதில் ஒரு லாபம் இருப்பது யூஜினாவுக்குத் தெரிந்தது. சொல்லாமல் விட்டால் பழனியாண்டியின் ஸ்டூல் மரியாதையும், இந்தக் கிளினிக்கில் தன் பேச்சுக்கு உள்ள மதிப்பும் அப்படியே இருக்கும். ஆனால் ஒபரேஷன் முடிந்த பிறகு சொல்வதில் என்ன பிரயோசனம்? அதே ஊசி வழி என்று டொக்டர் முடிவெடுத்தது தான் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பித்தான். வாயைச் சுற்றிய நூல் முதலிலேயே பிடிக்காமல் போயிருந்தால், அதே நூல், அதே ஊசி, மறுபடியும் அதே கதையாகலாம்.

நாலே காலுக்கு டொக்டர் வராந்தா வழியாகத் திரும்பி வந்தார். யூஜினா எழுந்து குறுக்கே நின்றாள்.

“டொக்டர், மார்ச்சில நான் மதுரனைப் பாக்கல. பாக்காமத்தான் நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன்.”

அவர் மதுரனின் கார்டை எடுத்து, தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“ஜனவரி இருபத்துநாலு. அப்ப ஒண்ணும் இல்ல. வீக்கம் பெப்ரவரிக் கடைசியிலயே வந்திருக்கு. அவங்க அம்மா பாத்திருக்காங்க. சீல் இருந்ததால பயப்படாம விட்டுட்டாங்க.”

டொக்டர் மீனம்மாவைக் கூப்பிட்டு அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவள் நெல்லிக்காய் அளவைக் கைவிரலால் காட்டினாள். கோபப்படவில்லை அவர், அல்லது வெளியே காட்டவில்லை. பிள்ளையைக் காணாமல் சீல் குத்தியது தன் கை என்று மட்டும் சொன்னார். மூன்று மாதத்துக்குள்ளேயே திறந்ததென்றால் முடிச்சு பிடிக்கவில்லை என்று பொருள், ஆகவே இந்தமுறை மூன்று துளை வைத்து, பழைய நூல் எங்கே போனது என்று கண்ணால் பார்த்து, உள்ளேயிருந்தே தைப்பது என்று பயிற்சி டொக்டரிடம் மாற்றிச் சொன்னார்.

வியாழக்கிழமை ஒபரேஷனுக்கு ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் ஆயிற்று. பழைய நூல் தளர்ந்து வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததாம். வலப்பக்கத்தை உள்ளிருந்து சுற்றித் தைத்தார்கள். இடப்பக்கத்தையும் கமெராவால் பார்த்தார்கள். அது மூடியே இருந்தது. இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஊசி வழி கெட்டதா என்று யூஜினா கேட்டாள்.

“ஒரு பிள்ளையை வெச்சு அப்பிடிச் சொல்ல ஏலாதும்மா. நிஷாந்திக்கும் ஊசிதான். அவ நல்லாத்தான் இருக்கா. ரெண்டு விதத்தையும் சரியா எழுதினாத்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு அவர் மேசையிலிருந்த பெரிய கொப்பியைத் திறந்தார். மதுரனின் மார்ச் மாத வரியைக் குறுக்கே அடித்து, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினார். பக்கத்தைப் புரட்டி, தர்ஷனின் வரியையும் அடித்தார்.

யூஜினாவுக்கு அங்கேதான் மனம் பொறுக்கவில்லை. தர்ஷனைத் தான் பார்த்தது உண்மை, அன்று காலையிலும் பார்த்தது, இன்று வரை ஒவ்வொரு நாளும் பார்ப்பது என்று சொன்னாள். தெரியும், நம்புகிறேன் என்றார் அவர். ஆனால் ஒரே வாயால், ஒரே நாளில், இரண்டு பிள்ளையைப் பற்றிச் சொன்னதில் ஒன்றை எடுத்து ஒன்றை விட முடியாது என்றும் சொன்னார். அடித்த கோடு அடித்ததுதான்.

ஜூலை இரண்டாம் திகதி, புதன்கிழமை, அவள் லீவு போட்டுவிட்டு தர்ஷனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். அவன் தாய்க்கு அது விளங்கவில்லை. சீல் இருக்கிற கார்டுக்கு மறுபடி எதற்குச் சீல், நல்லாயிருக்கிற பிள்ளையை எதற்கு இரண்டு பஸ்ஸில் ஏற்றி வாந்தியெடுக்க வைக்க வேண்டும் என்று கேட்டாள். அந்தச் சீல் செல்லாது என்று மட்டும் யூஜினா சொன்னாள். தர்ஷன் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் வாந்தி எடுத்தான். கிளினிக்கில் அவனைப் பார்க்க டொக்டருக்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. வீக்கம் இல்லை. மூன்று தழும்பும் வெளுத்திருந்தன. அவள் மார்ச் மாதம் சொன்னது அத்தனையும் சரி. ஏழாம் மாதம் பார்த்தது என்று அவர் திகதியோடு எழுதினார். மூன்றாம் மாதத்து வரி அடித்தபடியே கிடந்தது.

அதன் பிறகு மேற்பிரிவில் பிள்ளைகளின் கிளினிக் கார்டை யாரிடமும் தனியாகக் கொடுத்தனுப்ப முடியவில்லை. பெரியவர்களின் மாத்திரைக் கார்டை யூஜினா இப்போதும் வாங்கிக்கொள்வாள். பிள்ளையின் கார்டை மட்டும் வாங்க மாட்டாள். சிலர் அதைத் தலைக்கனம் என்றார்கள். பழனியாண்டி ஸ்டூலிலிருந்து எழுவதை நிறுத்தவில்லை, வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

“கார்டு மட்டும் கொண்டாந்தா செல்லாதாம்பா. ஆளக் கொண்டாரணுமாம். இனி ரெண்டு கிலோ அரிசி வேணும்னாலும் அவங்கவங்க நேர்ல வரணும்போல.”

இதற்கும் அவள் சிரிக்கவில்லை.

மதுரனின் இரண்டாவது ஒபரேஷனுக்கு மூன்றாம் மாதம் செப்டம்பர் பதினேழு. அன்று காலை ஆறே முக்காலுக்கு மீனம்மா இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலியோரம் வந்து, கிளினிக்குக்குப் புறப்பட்டு நின்ற யூஜினாவிடம், பழக்க தோஷத்தில், கார்டை நீட்டினாள். யூஜினா அதைக் கையில் வாங்கவில்லை.

“பிள்ளை எங்க?”

கீழே பெரட்டில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. மீனம்மா லயத்துக்குத் திரும்பிப் போய், இடுப்புச் சாக்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, சப்பாத்து மாட்டிய மதுரனைக் கையில் பிடித்துக்கொண்டு தானும் வந்தாள். மூன்று பேரும் ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தார்கள்.